டப்பா மூடியும் செவிப்பறையும்

கொடைக்கானல் கடைகளில் தொங்கும் சிப்ஸ் பாக்கெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பலூன் மாதிரி உப்பியிருக்கும். நிறைய சிப்ஸ் இருக்கிறது என்று சந்தோஷப்படாதீர்கள்! அது கீழே சமவெளியில் அடைத்த காற்று. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அமுக்க ஆளில்லாததால் உள்காற்று விரிகிறது.

இனி, அங்கேயே ஒரு காலி பிளாஸ்டிக் டப்பாவைக் காற்றுப் புகாமல் மூடிக் கீழே கொண்டு வாருங்கள். வத்தலக்குண்டு வரும்போது மூடி உள்வாங்கியிருக்கும், திறக்க அடம்பிடிக்கும்.

நம் நடுக்காதும் அப்படி ஒரு டப்பாதான். செவிப்பறை அதன் மூடி. ஆனால் இந்த டப்பாவுக்கு ஒரு பின்வாசல் உண்டு: மூக்கின் பின்பக்கம் போய்த் திறக்கும் மெல்லிய குழாய். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் யுஸ்டாக்கியின் பெயரால் அது யுஸ்டேஷியன் குழாய். எப்போதும் மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ ஒரு நொடி திறக்கும். 'டப்' என்று கேட்கிறதே, அதுதான்.

மேலே ஏறும்போது உள்காற்று குழாயைத் தள்ளிக்கொண்டு தானே வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் வம்பு. வெளி அழுத்தம் கூடக்கூடச் செவிப்பறை உள்வாங்கும். குழாயோ தானாகத் திறக்காது. விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே காற்றை அமுக்கி வைத்திருப்பதால் நாம் அதிகம் போனால் 8,000 அடி மலையில் இருப்பது போலத்தான். தரையிறங்குவது என்றால் அந்த மலையை அரைமணியில் இறங்குவது. கைக்குழந்தைகள் அப்போது வீறிடுவதற்கு அவர்களின் குறுகிய குழாயும் ஒரு காரணம். பால் கொடுத்தால் விழுங்கும், காது திறக்கும். உங்களுக்கு ஒரு மிட்டாய் போதும். சளி பிடித்திருந்தால் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும். கன்னத்திலும் நெற்றியிலும் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளின் வாசலும் அடைபட்டால் முகமே வலிக்கும்.

கடலில் கதை இன்னும் வேகம். 10 மீட்டர் மூழ்கினாலே அழுத்தம் இரண்டு மடங்கு! அதனால் முக்குளிப்பவர்கள் மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்குவார்கள். ஓங்கி ஊதினால் காதுக்கே ஆபத்து.

அவர்கள் நீச்சல் கண்ணாடி போடாமல், மூக்கையும் சேர்த்து மூடும் கண்ணாடி போடுவது ஏன் தெரியுமா? ஆழத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் காற்று சுருங்கி முகத்தை உறிஞ்சும். மூக்கு உள்ளே இருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டுச் சரிசெய்யலாம். அதை மறந்தவர் மேலே வரும்போது பாருங்கள்: கண்ணைச் சுற்றி வீக்கம், வெள்ளை விழியில் ரத்தச் சிவப்பு!