சுட்டு முடித்த கேப்பில் ஒளிந்திருக்கும் ஈயம்... துப்பாக்கி இருக்கும் வீடுகள் கவனிக்க!

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் இருக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. கூடலூர், சுருளிப்பட்டி பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை திராட்சைப் பந்தல்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைவது இங்கேதான். பக்கத்திலேயே காடு என்பதால், இருட்டியதும் காட்டுப்பன்றித் தொல்லை தொடங்கிவிடும்.

பயிரைக் காக்க துப்பாக்கி லைசென்ஸ் பெற சட்டத்தில் வழி இருக்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று குழலின் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் குறிப்பிடுகிறது. ஆனால், லைசென்ஸ் இருந்தாலும் காட்டுப்பன்றியை நினைத்தபடி சுட முடியாது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு.

இந்தத் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் மருந்து, குண்டு, கேப் மூன்றையும் கையால்தான் போட வேண்டும். சுட்ட பிறகு கேப் பிளந்து கீழே விழும். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கேப்புக்குள் என்ன இருக்கிறது?

தட்டினால் தீப்பொறி தருவதுதான் கேப்பின் வேலை. தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமருக்கும் அதே வேலைதான். பழைய காலத்தில் இதற்குப் பாதரசம் கலந்த வெடிப்பொருள் பயன்பட்டது. இப்போது பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயக் கலவை. வெடித்த பிறகு அந்த ஈயம் நுண்ணிய தூளாகக் கேப்பிலும் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொள்கிறது.

ஈயத்தில் 'இந்த அளவு வரை பரவாயில்லை' என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாகக் குழந்தைகளின் உடல் உறிஞ்சும். மூளை வளர்ச்சியும் படிப்பும் பாதிக்கும். எலும்பில் சேரும் ஈயம், கர்ப்ப காலத்தில் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும் போய்ச் சேரலாம். வெளியே அறிகுறி தெரியாமலேயே இருக்கலாம், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியவரும்.

டப்பாவும் ஈரத்துணியும் போதும்

அமெரிக்காவில் பலர் காலித் தோட்டாக்களை வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறார்கள். பழைய பிரைமர் தெறித்துத் தரையில் விழாமல், கருவியில் இருந்து ஒரு குழாய் வழியாக நேராகப் பாட்டிலுக்குள் விழும்படி வைத்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். எனவே, வீட்டில் தோட்டா நிரப்பும் வேலையே வேண்டாம். அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது, அழுக்கை ஒரே இடத்தில் அடைத்து வைக்கும் பழக்கத்தை மட்டும்தான்.

* சுட்டு முடித்த கேப்பை மடியிலோ சட்டைப் பையிலோ போடாதீர்கள். இறுக மூடும் டப்பா ஒன்றைத் தனியாக வைத்து, 'ஈயம்' என்று எழுதி ஒட்டுங்கள். சாப்பாட்டு டப்பா கூடவே கூடாது.
* துப்பாக்கியை வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில் துடையுங்கள்.
* சிந்திய தூளை விளக்குமாற்றால் பெருக்கினால் காற்றில் பறக்கும். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.
* வெற்றிலை, பீடி, சாப்பாடு எதுவானாலும் சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகுதான். சானிடைசர் ஈயத்தை நீக்காது.
* அந்தச் சட்டையைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

வெடிக்காத கேப் வேறு கதை

தட்டியும் வெடிக்காத கேப் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைக் காலி கேப்போடு சேர்த்துப் போடுவதோ, சுத்தியால் தட்டிப் பார்ப்பதோ, அடுப்பில் எறிவதோ, பழைய இரும்புக் கடையில் தள்ளிவிடுவதோ ஆபத்து. லைசென்ஸ் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு ஒப்படைப்பதுதான் சரி.

துப்பாக்கியைப் பூட்டி வைக்க யாரும் மறப்பதில்லை. விடியற்காலையில் தோட்டத்தில் இருந்து திரும்பும் அப்பாவைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு, அவர் சட்டையில் இருக்கும் தூள் தெரியாது. சட்டையை மாற்றிக் கை கழுவிவிட்டுத் தூக்கிக் கொஞ்சினால், எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது?