ஐம்பதுக்கு மேல் இன்டீரியர் தொழில்: வில்லியனூரிலும் பாகூரிலும் என்ன வழி?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதோடு விடவில்லை. சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகி வந்து பாகூர் கொம்யூனின் ஆற்றோரக் கிராமங்களுக்குள் புகுந்தது. வடக்கே சங்கராபரணியும் கரை முட்ட ஓடியது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தால் எது பிழைக்கும், எது போகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். பார்ட்டிகிள் போர்டில் செய்த மாடுலர் கிச்சன் ஊறி உப்பிவிடும். கீழ்வரிசைக் கதவுகள் அதற்குப்பின் மூடாது. பழைய சமையலறையின் கடப்பா கல் தட்டுக்கு ஒன்றும் ஆகாது. கழுவிவிட்டால் மறுநாளே பாத்திரம் அடுக்கலாம்.

கடை விளம்பரப் புத்தகத்தில் இந்த வித்தியாசம் இருக்காது. இன்டீரியர் டிசைன் என்றதும் மடிக்கணினியும் முப்பரிமாணப் படமுமாக ஓர் இளைஞரின் உருவம்தான் மனதில் வருகிறது. ஆனால் அந்தத் தொழிலில் படம் வரைவது ஒரு பங்குதான். மீதியெல்லாம் அளவெடுப்பது, பொருள் தேர்வது, ஆசாரியையும் கொத்தனாரையும் எலெக்ட்ரீஷியனையும் ஒரே வாரத்துக்குள் கோத்து வேலை வாங்குவது, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துவருகிற ஒரு சமையலறையை யோசிப்பது. இவற்றில் ஐம்பது வயதுக்காரர் பின்தங்கியவர் அல்லர். பல இடங்களில் முன்னே நிற்பவர்.

ஐம்பதுக்கு மேல் இந்தத் தொழிலுக்கு வரலாமா என்ற கேள்வி வில்லியனூர், பாகூர்ப் பக்கம் எழுவதற்குக் காரணங்கள் உண்டு. புதுச்சேரி அரசு ஊழியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். 1898-இல் தொடங்கிய ஏஎஃப்டி பஞ்சாலை 2020 ஏப்ரல் 30-இல் மூடப்பட்டது. துணியைத் தொட்டே அதன் நூலும் நெசவும் சொல்லக்கூடியவர்கள் வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தார்கள். திரைச்சீலையும் மெத்தை உறையும் வாங்கப் போகிற வீட்டுக்காரருக்கு அப்படி ஒருவர் கூட வந்தால் எவ்வளவு லாபம்! இன்னொரு பக்கம், விழுப்புரம் சாலையை ஒட்டி நிலங்கள் மனைப்பிரிவுகளாகி, புது வீடுகள் எழுந்துகொண்டே இருக்கின்றன.

முதலில் சட்டம். 'ஆர்க்கிடெக்ட்' என்ற பட்டத்தை 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் காக்கிறது. பதிவு செய்யாதவர் அதைப் போட்டுக்கொள்ள முடியாது. அந்தச் சட்டம் காப்பது பட்டத்தையே தவிர தொழிலை அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு பட்டக் காப்பும் இல்லை, அரசு உரிமமும் இல்லை, வயது வரம்பும் இல்லை. அதே 1972-இல் தொடங்கிய இந்திய இன்டீரியர் டிசைனர்கள் கழகம் தொழில்முறை அமைப்புதான், உரிமம் வழங்கும் துறை அல்ல. கதவு திறந்தே இருக்கிறது. அதனால்தான் யார் வேண்டுமானாலும் உள்ளே வருகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

திறந்த கதவுக்கும் ஓர் எல்லை உண்டு. சுவரை இடிப்பது, பீமைத் தொடுவது, தூணை நகர்த்துவது எல்லாம் பொறியாளரிடம் கேட்காமல் செய்யக்கூடாதவை. ஹாலைப் பெரிதாக்குகிறேன் என்று தளத்தைத் தாங்கும் சுவரில் கைவைத்தால் அனுபவம் காப்பாற்றாது.

வயது கடந்து இந்த உலகத்துக்குள் வந்து பேர் வாங்கியவர்கள் பலர். நியூயார்க்கில் எல்சி டி வுல்ஃப் நாற்பது வயதைத் தாண்டும்வரை நாடக நடிகை. 1905-இல் காலனி கிளப் என்ற பெண்கள் மன்றத்தின் உட்புறத்தை அமைக்கும் வேலை கிடைத்தது. கனத்த திரைகளும் இருண்ட மரமும் நிறைந்த அந்தக் காலத்து அறைகளை வெளிர் நிறங்களாலும் வெளிச்சத்தாலும் நிரப்பினார். அமெரிக்காவில் இதை ஒரு தொழிலாக நிலைநாட்டியவர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

நமக்குப் பக்கத்தில் இலங்கையின் ஜெஃப்ரி பாவா. வழக்கறிஞராகத் தகுதி பெற்று கொழும்பில் சிறிது காலம் தொழில் செய்தவர். 1948-இல் பென்தோட்டைக்கு அருகே லுனுகங்கா என்ற ரப்பர் தோட்டத்தை வாங்கி, அதைத் தன் விருப்பப்படி மாற்ற முயன்றபோதுதான் தனக்குத் தொழில்நுட்பம் தெரியவில்லை என்று உணர்ந்தார். லண்டனுக்குப் போய் மாணவராக உட்கார்ந்து 1957-இல், 38 வயதில் கட்டடக் கலைஞரானார். மதுரைக்காரர்களுக்கு அவர் கைவண்ணம் தெரியும்; அங்கே ஆலை அதிகாரிகளுக்காக அவர் அமைத்த கிளப் இன்று ஹெரிடேஜ் மதுரை என்ற விடுதி. 38 என்ன பெரிய வயதா என்று கேட்கலாம். சரி, கந்தலமா ஓட்டல் திறந்த 1994-இல் அவருக்கு வயது 75.

காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் தன் குடும்பத்தின் பழைய பங்களாவை 1999-இல் 'தி பங்களா' என்ற பாரம்பரிய விடுதியாகத் திறந்தார். அப்போது அவர் அறுபதுகளில் இருந்தார். அவர் டிசைனர் என்று பலகை மாட்டியவர் அல்லர். ஆனால் ஒரு செட்டிநாட்டு வீட்டில் எதை அப்படியே விட வேண்டும், எதை விருந்தினருக்காக மாற்ற வேண்டும் என்ற தீர்மானம்தான் அந்த இடத்தை உருவாக்கியது. இந்தத் தொழிலின் சாரம் அதுவே என்று அடித்துச் சொல்லலாம்.

புதுச்சேரி நகரத்துக்குள்ளேயே ஒரு பாடம் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, 1937-இல் கட்டுமானத்தை மேற்பார்க்க வந்தவர் ஜார்ஜ் நகாஷிமா. பெரும்பாலும் முன் அனுபவம் இல்லாத ஆசிரமவாசிகளே கட்டிய கட்டடம் அது. வெளிச்சுவருக்குப் பதில் திருப்பிவிடக்கூடிய பட்டைகள், அறைக்கும் நடைக்கும் நடுவே காற்று புகும் தேக்குத் தள்ளுகதவுகள் என்று நம் ஊர்ப் புழுக்கத்துக்காகவே யோசித்தது. நகாஷிமா படித்தது கட்டடக் கலை. ஜப்பானியத் தச்சு வேலையை அவர் கற்றது 1942-இல், அமெரிக்காவில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மினிடோகா முகாமில், உடன் அடைபட்ட ஜென்டாரோ ஹிகோகாவா என்ற தச்சரிடம். அப்போது வயது 37. பின்னாளில் உலகமே தேடி வந்த மேசைகள் அதற்குப் பிறகு பிறந்தவை.

வில்லியனூரில் இப்படி ஒரு குருவைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கும் திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைக்கும் உண்டு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் பட்டறையில் வளர்ந்த கைகள் இன்று வட்டாரத்தில் பல சூளைகளில் வேலை செய்கின்றன. வெளியூர் விடுதிக்காரர்கள் இங்கே வந்து சுவர்ச் சிற்பமும் சாடியும் வாங்கிப் போகிறார்கள். உள்ளூர் வீட்டுக்காரரோ அதே சுவருக்கு பிளாஸ்டிக் பேனல் ஒட்டுகிறார். இந்த இடைவெளியில்தான் புதிதாக வருகிறவருக்கு இடம் இருக்கிறது.

கற்க வேண்டியவற்றுக்கு வருவோம். ஐடிஐ பாடத்திட்டத்தில் இன்டீரியர் டிசைன் அண்ட் டெக்கரேஷன் என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. தனியார் சான்றிதழ் வகுப்புகள் எத்தனையோ. எதில் சேர்ந்தாலும், அதற்கு முன் ஒரு நல்ல ஆசாரியின் பட்டறையில் சில மாதம் உட்காருவது நல்லது. மென்பொருள் மில்லிமீட்டரில் பேசும். ஆசாரி அடி, அங்குலம், நூல் என்று பேசுவார். எட்டு நூல் ஓர் அங்குலம். இரண்டு கணக்கும் தெரியாதவர் நடுவில் மாட்டிக்கொள்வார். அறையின் நான்கு பக்கத்தை அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்கேயும் டேப் பிடிக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இல்லையென்றால் அறை மூலைமட்டத்தில் இல்லை. கிராமத்து வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. அது தெரியாமல் செய்த பீரோவின் ஓரத்தில் விரல் நுழையும்.

கணக்கும் அங்கேதான் புரியும். ஆறடி அகலம், ஏழடி உயரம் உள்ள சுவர் அலமாரிக்கு முன்பக்க அளவை வைத்து 42 சதுர அடி என்று விலை சொல்வார்கள். உள்ளே எவ்வளவு பலகை போகிறது? ஆழம் இரண்டடி என்றால் இரு பக்கங்களுக்கு 28 சதுர அடி, நடுத் தடுப்புக்கு 14, மேலும் கீழும் 24, மூன்றடித் தட்டுகள் ஆறு வைத்தால் 36, கதவுகளுக்கு 42. ஆக 144 சதுர அடி. எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்று 32 சதுர அடி. எனவே 18 மில்லிமீட்டர் பிளைவுட் மட்டுமே குறைந்தது ஐந்து ஷீட். முதுகுக்கு மெல்லிய பலகை தனி. இந்தக் கணக்கை வாடிக்கையாளர் முன்னால் தாளில் போட்டுக் காட்டுகிறவரை யாரும் எளிதில் மறப்பதில்லை.

பிளைவுட்டிலும் எம்ஆர், பிடபிள்யூஆர், மரைன் என்று தரம் பிரிகிறது. ஐஎஸ் 303 முதல் இரண்டுக்கும், ஐஎஸ் 710 மரைனுக்கும் உரிய முத்திரை. எம்ஆர் ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. தென்பெண்ணைக் கரையில் தரைமட்ட வீட்டுக்கு எம்ஆர் பலகையில் கீழ் அலமாரி செய்வது காசைக் கரைப்பதுதான். மரைனும் வெள்ளத்தில் நாள்கணக்கில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று உத்தரவாதம் தரக்கூடாது. தரையிலிருந்து இரண்டடி வரை கடப்பா கல், செங்கல், சிமென்ட். அதற்கு மேல் மரம். பாகூர்ப் பக்கம் இதைவிட நல்ல யோசனை சொல்வது கடினம். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பேர் பெற்ற ஊரில் சாப்பாட்டு நெல் மூட்டைக்கு இடம் விடாத வீட்டுப் படமும் அழகான படம்தான், ஆனால் கதைக்கு உதவாது.

வயதானவர்களின் வீடு தனிச் சந்தை. பிள்ளைகள் சென்னையிலோ பாரீசிலோ இருக்க, ஊரில் இருக்கும் பெற்றோரின் குளியலறை வழுக்குகிறது, வாசற்படி உயரமாக இருக்கிறது. நம் வீடுகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். நிலைச்சட்டம் போக இன்னும் குறையும். சக்கர நாற்காலிக்கு 900 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிகள். கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான தரை, படுக்கையிலிருந்து எட்டும் சுவிட்ச் என்று பட்டியல் போடுவது யாராலும் முடியும். "அம்மா, கம்பி வைத்தால் கிழவியாகிவிட மாட்டீர்கள்" என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதற்குத்தான் சம வயது வேண்டும்.

பணம்? பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கியது. அதன் 18 தொழில்களில் தச்சர், கொத்தனார், குயவர் உண்டு. இன்டீரியர் டிசைனர் இல்லை. கூட்டாளியாக வருகிற குயவருக்கும் ஆசாரிக்கும் 5 சதவீத வட்டியில் இரு தவணையாக மொத்தம் 3 லட்சம் வரை கடன் கிடைக்கலாம். அரசு ஊழியர் குடும்பத்துக்குக் கிடையாது. டிசைனருக்குத் தொடக்கத்தில் பெரிய முதல் தேவைப்படாது என்பதே ஆறுதல். உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவும் கட்டாயமில்லை.

சிக்கல் வேறு இடத்தில். பிளைவுட் கடையும் டைல்ஸ் கடையும் ஆள் கூட்டி வருகிறவருக்குக் கமிஷன் தருவது ஊரறிந்த வழக்கம். வாங்கினால் கட்டணத்தைக் குறைத்துச் சொல்லலாம், வேலை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வில்லியனூர் அவ்வளவு பெரிய ஊர் இல்லை. டீக்கடையில் விஷயம் வந்துவிடும். வடிவமைப்புக் கட்டணம் இவ்வளவு, கடைத் தள்ளுபடி முழுவதும் உங்களுக்கே என்று முதல் நாளே எழுதிக் கொடுப்பது நட்டம் போலத் தெரியும். ஓய்வூதியமோ வாடகையோ வந்துகொண்டிருக்கிறவரால் அந்த நட்டத்தை இரண்டு வருடம் தாங்க முடியும். இருபத்தைந்து வயதுக்காரரால் முடியாது.

காலக் கணக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். தை பிறந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அவசரப்படுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சை மண் காயாது. குயவருக்கோ விநாயகர் சதுர்த்தி, கொலு, கார்த்திகை அகல், பொங்கல் பானை என்று கை ஓயாது. தையில் வீடு புகுகிறவருக்குச் சுடுமண் பலகை வேண்டுமென்றால் அளவும் முன்பணமும் ஆடிக்குள் சூளைக்காரரிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.