தீ அணைந்த பிறகு வருகிறவர்கள்: மின் வாகன விபத்துப் பயிற்சியில் விடுபட்டுப்போன கைகள்

மின் வாகனம் ஒன்று தீப்பற்றினால் அவ்விடத்துக்கு முதலில் வருகிறவர் யார், கடைசியாக அங்கிருந்து போகிறவர் யார் என்று இரண்டு கேள்விகள் உள்ளன. பாதுகாப்புப் பயிற்சி குறித்த பேச்சு பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறது. இரண்டாவது கேள்விக்கான விடை நம் சாதிச் சமூகத்தில் முன்பே எழுதப்பட்டுவிட்டதால் யாரும் அதைக் கேட்பதில்லை போலும்.

2022 மார்ச் இறுதியில் வேலூரில் இரவு நேரத்தில் வீட்டில் சார்ஜ் போடப்பட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில், ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பர் 12 அன்று செகந்திராபாத்தில் மின் ஸ்கூட்டர் விற்பனையகத்தில் எழுந்த தீயின் புகை அதே கட்டடத்திலிருந்த தங்கும் விடுதிக்குள் பரவி எட்டுப் பேரைக் கொன்றது. இவற்றுக்குப் பின் ஒன்றிய அரசு மின்கலப் பாதுகாப்புத் தரநிலைகளைத் திருத்தியது. ஏஐஎஸ் 156 என்னும் தரநிலையின் திருத்தங்கள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன. வாகனத்தைச் செய்கிறவருக்கு விதி வந்தது. எரிகிற வாகனத்தின் அருகே செல்ல வேண்டியவருக்கு என்ன வந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் கேள்வி. அதற்கு முன், இந்தத் தீ எத்தகையது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

பெட்ரோல் தீக்கு எரிபொருளும் காற்றும் வேண்டும். நுரையைப் பரப்பிக் காற்றைத் தடுத்தால் அது அடங்கும். லித்தியம் அயனி மின்கலத்தின் தீ அப்படி அடங்குவதில்லை. வண்டியின் பேட்டரி என்று நாம் சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான, சில கார்களில் ஆயிரக்கணக்கான சிறு கலங்களின் தொகுப்பு. மோதலில் ஒரு கலம் நசுங்கினாலோ, அளவுக்கு மீறி மின்னேற்றம் செய்யப்பட்டாலோ, உற்பத்திக் குறையால் உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ, அந்தக் கலம் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளத் தொடங்கும். சூடு ஏற ஏற வேதிவினை வேகம் கொள்ளும், வினை வேகம் கொள்ளக் கொள்ளச் சூடு மேலும் ஏறும். பக்கத்துக் கலத்துக்கும் அது தாவும். பொறியாளர்கள் இதைத் தெர்மல் ரன்அவே என்கிறார்கள். கட்டுமீறிய வெப்பம் எனலாம். இந்த வெப்பம் கலத்தின் உள்ளிருந்தே பிறப்பதால் வெளிக்காற்றைத் தடுத்துப் பயனில்லை. உலர்பொடித் தீயணைப்பான் வெளியே தெரியும் சுடரை விழுங்கும், உள்ளே இருக்கும் கொதிப்பைத் தொடாது. குளிர்விப்பதொன்றே வழி. அதற்கு மிகுந்த நீரும் நெடுநேரமும் தேவை.

சுடர் அடங்கிய பிறகும் சேதமடையாத கலங்களில் மின்னாற்றல் தங்கியிருக்கும். அதை வெளியேற்ற, விபத்து நடந்த இடத்தில் எளிய வழி எதுவுமில்லை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைக் குறித்து 2020இல் ஒரு விரிவான ஆய்வறிக்கையை அளித்தது. அது ஆராய்ந்த விபத்துகளில் ஒன்று 2018 மார்ச்சில் கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் நடந்தது. நெடுஞ்சாலையில் மோதி எரிந்த காரின் தீ அணைக்கப்பட்டு, கார் இழுத்துச் செல்லப்பட்டு ஒரு முற்றத்தில் நிறுத்தப்பட்டது. விபத்து நடந்து ஐந்து நாட்கள் கழித்து அந்த மின்கலம் மீண்டும் தீப்பற்றியது. அவ்வாரியம் கேட்டறிந்த தீயணைப்புத் துறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இத்தகைய தீக்கென்று தனிப் பயிற்சி எதையும் அளித்திருக்கவில்லை. பணமும் கருவியும் குறைவில்லாத நாட்டின் நிலை அது.

அந்த அறிக்கையில் நம் கவனத்துக்குரிய ஒரு சொல்லாட்சி உண்டு. தீயணைப்பு வீரர், காவலர் போன்ற முதல்நிலைப் பணியாளர்களோடு, சிதைந்த வாகனத்தை இழுத்துச் செல்கிறவர்களையும் இரண்டாம்நிலைப் பணியாளர்கள் என்று அது குறிப்பிடுகிறது. மின்கலத்தின் ஆபத்து தீயோடு முடிவதில்லை என்பதால், பயிற்சியும் எச்சரிக்கையும் அவர்களுக்கும் உரியன என்பது அதன் உட்கிடை. நம் ஊரில் இந்த இரண்டாம்நிலைப் பணியாளர் யார்? வண்டியை இழுத்துச் செல்லும் வாகனத்தின் உதவியாள். கரியும் கண்ணாடியும் உருகிய பிளாஸ்டிக்குமாய்க் கிடப்பதைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர். பீய்ச்சியடித்த நீர் இறங்கிய வடிகாலில் அடைப்பெடுக்க அழைக்கப்படுகிறவர். எரிந்த உடலை எடுத்துப் பிணவறைக்குக் கொண்டு சேர்க்கும் ஊழியர். கடைசியில், காயலான் கடையில் உட்கார்ந்து சுத்தியலால் பேட்டரியைப் பிளக்கிறவர்.

இவர்களுடைய சாதி எது என்று கேட்பது சிலருக்குச் சங்கடம் தரலாம். அரசின் கணக்கே அதைச் சொல்லிவிட்டது. பாதாளச் சாக்கடை, கழிவுநீர்த் தொட்டிப் பணியாளர்களுக்கான ஒன்றிய அரசின் நமஸ்தே திட்டத்துக்காக எடுக்கப்பட்டு 2024இல் வெளியான விவரப்படி, கணக்கிடப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 விழுக்காடு. தமிழ்நாட்டின் மேற்கு மாவட்ட நகராட்சிகளில் தூய்மைப் பணியில் பெரும்பான்மையோர் அருந்ததியர் என்பது இத்தளத்தின் வாசகர்களுக்குப் புதிய செய்தியும் அல்ல.

எரிந்த மின்கலத்தின் எச்சத்தை அள்ளுகிறவருக்கு என்ன நேரலாம்? கலத்தின் மின்பகுளியில் ஃபுளூரின் சேர்ந்த லித்தியம் உப்பு கரைந்திருக்கிறது. அது எரியும்போது ஹைட்ரஜன் ஃபுளூரைடு வாயு எழும். ஈரத்தில் பட்டால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலமாகும். இந்த அமிலம் மற்ற அமிலங்களைப் போலத் தோலின் மேற்பரப்பைச் சுடுவதோடு நிற்பதில்லை. தோலை ஊடுருவி உள்ளே சென்று உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்கிறது. செறிவு குறைவாக இருந்தால் தொட்டவுடன் வலி தெரியாது. சில மணி நேரம் கழித்து, பணி முடிந்து வீட்டுக்குப் போன பிறகு, விரல் நுனியில் தாங்க முடியாத வலி தொடங்கலாம். இதற்கான முதலுதவி நெடுநேரம் நீரில் கழுவுதலும், கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவுதலும் ஆகும். தன் கையில் பட்டது இன்னதென்று அறியாத பணியாளர் மருத்துவரிடம் என்ன சொல்வார்? சொல்லாவிட்டால் மருத்துவர் எதை ஊகிப்பார்? சாம்பலிலும் வடிந்த நீரிலும் நிக்கல், கோபால்ட், மாங்கனீசு போன்ற உலோகங்களும் கலந்திருக்கக்கூடும். சாதாரணக் குப்பைக்கே கையுறை கிடைக்காத இடங்களில், துணிக் கையுறை ஒன்று கிடைத்தாலும் இதற்கு அது போதாது.

தீயணைப்பு வீரர்களுக்கு உலகெங்கும் கற்பிக்கப்படும் பாடம் இப்போது ஓரளவு நிலைபெற்றுவிட்டது. முதல் வேலை, எதிரே நிற்பது மின் வாகனமா என்று கண்டறிவது. இந்தியாவில் பச்சை நிற எண் பலகை அதைக் காட்டிவிடும். ஆனால் பதிவு தேவைப்படாத, மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாத சிறு ஸ்கூட்டர்களில் அந்த அடையாளமும் இராது. சத்தம் இல்லை என்பதால் வண்டி அணைக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளக்கூடாது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் ஓடுவது உயர் அழுத்த மின்சாரம். கார்களில் அது 400 வோல்ட், சிலவற்றில் 800 வோல்ட் வரை இருக்கும். உள்ளே சிக்கியவரை மீட்க எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்பதற்கு ஒவ்வொரு மாதிரிக்கும் உற்பத்தியாளர் மீட்புத் தாள் வெளியிட வேண்டும். முழு மூச்சுக் கவசம் இல்லாமல் புகைக்குள் நுழையக்கூடாது. தமிழ்நாடு தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையினர் ஒவ்வொரு நிலையத்திலும் இப்பயிற்சியைத் தொடர்ந்து பெற வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், ராணிப்பேட்டை என்று மின் இருசக்கர வாகன உற்பத்தியைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மாநிலம், அதே அக்கறையைத் தீயணைப்பு நிலையத்திலும் காட்டுவது கடமை.

ஆனால் இந்தப் பாடம் வாகனத்தை ஒப்படைப்பதோடு முடிகிறது. சேதமுற்ற மின் வாகனத்தை மற்ற வாகனங்களிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளித் திறந்தவெளியில் நிறுத்த வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. அந்த 15 மீட்டருக்குள் துடைப்பத்தோடு நுழைகிறவருக்கு அதைச் சொல்ல யாரும் நியமிக்கப்படவில்லை.

இங்கே ஒரு முரணைச் சுட்ட வேண்டும். தூய்மைப் பணியாளர் அவசரகாலப் பணியாளர் ஆவாரா என்று ஐயுறுவோர்க்கு அரசே விடை தந்திருக்கிறது. நகரங்களில் அவசரகாலத் துப்புரவுப் பிரிவு என்ற ஒன்றை அமைக்க ஒன்றிய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் வழிகாட்டியது. 14420 என்ற உதவி எண்ணும் அதற்கு உண்டு. நமஸ்தே திட்டம் அப்பிரிவுகளுக்குக் கருவிகளும் பயிற்சியும் அளிப்பதாகச் சொல்கிறது. 2024இல் குப்பை பொறுக்குவோரும் அத்திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். ஆக, சாக்கடை விபத்து என்றால் அவர் அவசரகாலப் பணியாளர். மின்கலத் தீ என்றால் அவர் வெறும் கூட்டுகிறவர். பெயர் சூட்டுவது, சூட்டாமல் விடுவது ஆகிய இரண்டையும் அதிகாரமே செய்கிறது.

சாலை விபத்துக்கு வெளியேயும் இந்த ஆபத்து இவர்களைத் தேடி வருகிறது. சென்னையில் வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் பேட்டரி வண்டிகளை ஓட்டுகிறவர்கள் இவர்களே. அந்த வண்டியின் பேட்டரி வீங்கினால், சூடேறினால், சீறும் ஓசை எழுந்தால் என்ன செய்வது என்பது ஓட்டுகிறவருக்கு முதல் நாளிலேயே சொல்லப்பட வேண்டிய செய்தி. குப்பையை அழுத்தும் காம்பாக்டர் லாரிக்குள் பழைய பேட்டரி ஒன்று கலந்துபோனால், நசுங்கிய நொடியில் லாரியே எரியக்கூடும். வீட்டுக் கழிவில் வரும் பழைய பேட்டரிகளை அபாயகரக் கழிவு என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே வகைப்படுத்தின. பணியாளருக்குக் கையுறை, முகக்கவசம், தகுந்த காலணி தருவதை உறுதிசெய்யும் பொறுப்பையும் அவ்விதிகள் உள்ளாட்சி அமைப்பின் மீதே வைத்தன.

வெள்ளமும் உண்டு. 2022இல் புளோரிடாவை இயன் புயல் தாக்கியபின், உப்பு நீரில் மூழ்கிய மின் கார்கள் நீர் வடிந்த பிறகு அடுத்தடுத்துத் தீப்பற்றின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் எத்தனையோ வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. வெள்ளம் விட்டுச் சென்றதை அள்ளப் பிற மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்கள் அழைத்து வரப்பட்டனர். இனி வரும் வெள்ளங்களில் மூழ்கும் வண்டிகளில் மின் வாகனங்கள் கூடிக்கொண்டே போகும். நீரில் ஊறிய மின் வண்டியைத் தள்ளி ஓரம் சேர்ப்பதும் அவர்கள் கையாலேயே நடக்கும்.

இவர்களுக்கான பயிற்சி தீயணைப்பு வீரரின் பாடத்தைச் சுருக்கித் தருவதாக இருக்கலாகாது. தீயை அணைக்கச் சொல்லி இவர்களைப் பழக்குவது மற்றுமோர் ஆபத்து வேலையை இவர்கள் தலையில் கட்டுவதாகிவிடும். இவர்கள் அறிய வேண்டியது வேறு. வெண்ணிறப் புகை எழுந்தால் அது நீராவி அன்று, எரியக்கூடிய நச்சு வாயு என்பது. சீறல், வெடியோசை, வீக்கம், வெப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் விலகி நின்று 101ஐ அழைக்க வேண்டும் என்பது. எரிந்த பேட்டரித் துண்டு எதையும் வெறுங்கையால் தொடவோ, பொதுக் குப்பையோடு சேர்க்கவோ கூடாது என்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, தீயணைப்பு அலுவலர் இடம் பாதுகாப்பானது என்று எழுத்தில் தரும்வரை வேலையைத் தொடங்க மறுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பது. இந்தக் கடைசிச் செய்தியை ஒரு வகுப்பறையில் சொல்லிவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் மேஸ்திரியின் முன் நின்று அதைச் சொல்ல வேண்டுமானால், ஒப்பந்தப் பத்திரத்தில் அது எழுதப்பட்டிருக்க வேண்டும். மறுத்தவருக்கு மறுநாள் வேலை இருக்கும் என்ற உறுதியும் வேண்டும்.

பயிற்சி நாளுக்கு முழுக்கூலி தரப்பட வேண்டும். இல்லையேல் அரைநாள் ஊதியத்தை இழக்க எவரும் வரமாட்டார், வராதவரைப் பொறுப்பற்றவர் என்று பதிவேடு சொல்லும். பாடம் தமிழிலும், தேவையான இடங்களில் தெலுங்கிலும் இருக்க வேண்டும். படத்தாலும் செய்முறையாலும் விளங்க வேண்டும். ஆங்கிலக் காட்சிப் படங்களை ஓடவிட்டு, கையொப்பம் வாங்கி, புதிய கவச உடையைப் புகைப்படத்துக்கு அணிவித்துத் திரும்பப் பெட்டியில் வைக்கும் சடங்கைச் சாக்கடைப் பணியில் நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம்.

இழப்பீட்டுக் கேள்வியும் திறந்தே கிடக்கிறது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பாதாளச் சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வடிகாலில் இறங்கி மின்கல நச்சால் நுரையீரல் கெட்டு, உடனே இறவாமல் மாதக்கணக்கில் மூச்சுக்குத் தவிக்கும் ஒருவருக்கு, அந்த நச்சு எங்கிருந்து வந்தது என்று மெய்ப்பிக்கும் சுமையும் சேர்ந்து வரும். அதனால்தான் எரிந்த மின் வாகனம் ஒவ்வொன்றுக்கும் தீயணைப்பு நிலையம் எழுதும் அறிக்கையின் படி ஒன்று அந்த வட்டத்தின் சுகாதார ஆய்வாளருக்கும், அங்கே பணி செய்த ஒவ்வொரு தூய்மைப் பணியாளருக்கும் அன்றே தரப்பட வேண்டும் என்கிறோம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகை மின்கலம் எரிந்தது என்ற மூன்று வரிகள் போதும். அந்தத் தாளோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறவருக்கு அங்கே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இருப்பில் இருக்க வேண்டும்.