வீடு கட்ட உடனடி அனுமதி: ‘சப்மிட்’ கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்கணும்?

தமிழ்நாட்டில் ஒரு சின்ன வீடு கட்ட அனுமதி வாங்கவே உள்ளாட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருந்தது. 2024 ஜூலையில் தமிழக அரசு தொடங்கிய சுயசான்று திட்டம் அதை மாற்றியது. ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஆவணங்களைப் பதிவேற்றி, கட்டணம் கட்டினால், கியூஆர் கோடுடன் கட்டட அனுமதி உடனே கிடைக்கும். அனுமதிக்கு முன் அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. எனவே, ‘எல்லாம் விதிப்படி இருக்கிறது’ என்று உறுதி சொல்லும் பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது.

யாருக்குப் பொருந்தும்?

மனையின் பரப்பு 2,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். 2024-ல் திட்டம் தொடங்கியபோது இருந்த விதிப்படி, கட்டடம் மொத்தம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும் மட்டும். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி என்பதால், ஒரு கிரவுண்டு மனை இதற்குள் அடங்கிவிடும். குடியிருப்புக்கு மட்டுமே இந்தத் திட்டம். கீழே கடை, மேலே வீடு என்று யோசிப்பவர்கள் வழக்கமான முறையில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

என்ன சலுகை?

பரிசீலனைக் கட்டணமும், உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணமும் கிடையாது. பணி நிறைவுச் சான்றும் தேவையில்லை. மற்ற கட்டணம் சதுர அடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படும். அது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என ஒவ்வொன்றிலும் மாறும்.

பட்டா இருக்கே, போதாதா?

பலரும் சறுக்குவது இங்கேதான். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான் பட்டா காட்டும். அந்த மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா என்பதை அது சொல்லாது. அந்த ஒப்புதலைத் தருவது சென்னைப் பெருநகர் பகுதியில் சிஎம்டிஏ, மற்ற இடங்களில் டிடிசிபி. ‘பஞ்சாயத்து அப்ரூவ்டு பிளாட் சார்’ என்று புரோக்கர் சொன்னால் உஷாராகிவிடுங்கள். மனைப்பிரிவுக்குத் தன்னிச்சையாக ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை.

2016 அக்டோபர் 20-க்குள் பத்திரப்பதிவான அங்கீகாரமற்ற மனைகளுக்காக 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. பழைய மனை என்றால், வரன்முறை உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ‘அப்ளை பண்ணியாச்சு’ என்ற பதிலோடு திருப்தி அடையாதீர்கள்.

எந்தெந்த ஆவணங்கள்?

கிரயப் பத்திரம், பட்டா, கட்டட வரைபடம், மனையின் புகைப்படம். பதிவேற்றும் முன் பத்திரம், பட்டா, புல வரைபடம் மூன்றிலும் புல எண்ணும் அளவும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டேப் வைத்து மனையை அளந்து பாருங்கள். பத்திரத்தில் 1,200 சதுர அடி, தரையில் 1,150 தான் என்றால், வரைபடம் போடும் முன்பே அதைச் சரிசெய்ய வேண்டும். பட்டா, புல வரைபடத்தை அரசின் இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும் பார்க்கலாம்.

வரைபடத்தில் என்ன பார்க்கணும்?

2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான் அடிப்படை. சாலையின் அகலம், கட்டடத்தின் உயரத்தைப் பொறுத்து முன்பக்கமும் பக்கவாட்டிலும் விட வேண்டிய இடம் மாறும். மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ‘கொஞ்சம் பால்கனியை இழுத்துக்கலாம், யார் பார்க்கப் போறாங்க?’ என்று மேஸ்திரி சொல்வதைக் கேட்டால், அனுமதி ஒரு மாதிரியும் வீடு வேறு மாதிரியும் ஆகிவிடும்.

தவறான தகவல் கொடுத்தால்?

அனுமதி ரத்தாகலாம். விதிமீறிய கட்டுமானத்தை நிறுத்தவும், சீல் வைக்கவும், இடிக்கவும் 1971-ம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதுவரை போகாவிட்டாலும், வீட்டுக்கடன் கேட்கும்போதும் பிறகு விற்கும்போதும் வங்கி முதலில் கேட்பது அனுமதி வரைபடத்தைத்தான். அதற்கும் கட்டிய வீட்டுக்கும் பொருத்தம் இல்லை என்றால் கடன் சிக்கலாகும்.

விண்ணப்பத்தை ஏஜென்ட் டைப் பண்ணிக் கொடுத்தாலும், உறுதிமொழி உரிமையாளர் பெயரில்தான் போகிறது. எனவே லாகின் விவரங்களை உங்கள் மொபைல் எண்ணிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஓடிபி சொல்வதற்கு முன், நிரப்பிய விண்ணப்பத்தை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.