துறவு நாடாத தேடல்: ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’

ஆன்மிகத் தேடல் என்பது வீட்டைத் துறந்து வெளியேறுவதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஜெயகாந்தனின் ‘ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்’ (1973) நாவலில் இத்திசை மாறுகிறது. இதன் தலைமை மாந்தனான ஹென்றி, ஒரு வீட்டைத் தேடி வருகிறான்.

இந்நாவலின் பின்புலத்தை உணர, ஆசிரியரின் வாழ்வில் இடம்பெற்ற இரண்டு ஊர்கள் துணைசெய்கின்றன. 1934இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன், பள்ளிக் கல்வி ஐந்தாம் வகுப்போடு நின்றபின், 12ஆம் வயதில் வீட்டைவிட்டு வெளியேறி விழுப்புரத்தில் தம் மாமாவிடம் வளர்ந்தார். பாரதியும் பொதுவுடைமைச் சிந்தனையும் அவருக்கு அங்கேதான் அறிமுகமாயின. மற்றொன்று, திண்டிவனத்தை அடுத்த ஓங்கூர். அவ்வூர்ச் சாமியாரை மையமாகக் கொண்டு அவர் ‘விழுதுகள்’ என்னும் குறுநாவலைப் படைத்தார். சமத்துவ நோக்கு, சித்தர் மரபு ஆகிய இவ்விரண்டும் ஹென்றியின் பாத்திரத்தில் இணைகின்றன எனலாம்.

பெற்றோர் இன்னார் என்றறியாத ஹென்றி, தன்னை வளர்த்த சபாபதிப் பிள்ளையின் மறைவுக்குப் பின் அவரது ஊரான கிருஷ்ணராஜபுரத்துக்கு வருகிறான். சாதி, சமயம், குருதியுறவு ஆகிய எவையும் அவனுக்கு அடையாளம் தரவில்லை. அவற்றின் இன்மையை அவன் குறையாகவும் கருதவில்லை. பிள்ளையின் தம்பியான துரைக்கண்ணு உரிமையை மறுக்காதபோதும், ஹென்றி நிலத்தை விரும்பாமல் பாழடைந்த வீட்டை மட்டும் ஏற்கிறான். அங்கு வந்து சேரும் மனநிலை பிறழ்ந்த பெண் பின்னர் நீங்கிச் செல்கிறாள். அவள்மீதும் அவன் உரிமை கொண்டாடுவதில்லை. பற்றுக்கொண்டும் உடைமையாக்காதிருத்தலே இந்நாவல் காட்டும் தன்னுணர்வு.

ஹென்றியிடம் அகப்போராட்டம் குறைவு என்பதும், அவன் இலட்சியப் படைப்பாகவே நின்றுவிடுகிறான் என்பதும் புறக்கணிக்க இயலாத திறனாய்வுகள். எனினும், அவனது பற்றின்மை துரைக்கண்ணுவின் பெருந்தன்மையையும் தேவராஜனின் நட்பையும் சார்ந்தே நிலைபெறுகிறது. துரைக்கண்ணு வழக்காடியிருப்பின் அது வேறு வடிவம் கொண்டிருக்கும். ஆகவே இந்நாவலில் தன்னை அறிதல் தனிமனிதச் சாதனையன்று. ஓர் ஊர் அந்நியனை ஏற்றுக்கொள்வதால் கைகூடும் நிலை. இதனை ஆன்மிக நாவல், சமூக நாவல் என்னும் வகைகளுள் ஒன்றில் மட்டும் அடக்கினால் இவ்வுண்மை மறைந்துவிடும்.