பங்கிட்டால் சூது வணிகமாகுமா?

சில ஆண்டுகளுக்கு முன், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் ஓர் ஐயத்தை முன்வைத்தார். நண்பர்கள் ஐவர் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொதுநிதியாகச் சேர்த்திருந்தனர். போக்கர் சீட்டாட்டத்தில் தேர்ந்த இருவர் அந்நிதியைக் கொண்டு ஆடுவர். முந்தைய இழப்பு ஈடாகும்வரை எவருக்கும் பங்கில்லை. அதன்பின் ஆடியவருக்குப் பாதி, பணம் போட்டவர்களுக்குப் பாதி. "ஹஜ்ரத், நான் சீட்டைத் தொட்டதேயில்லை. இது முளாரபாதானே?" என்றார்.

எளிதில் தள்ளிவிடத்தக்க கேள்வியன்று இது. முளாரபாவிலும் ஒருவர் முதல் தருகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபம் பேசிய விகிதப்படி பகிரப்படும். உழைப்பவர் வரம்பு மீறாதவரை நட்டம் முதலாளியையே சாரும். குறைந்த முதல் நிறைந்த பின்னரே இலாபம் கணக்கிடப்படும் என்பதும் ஃபிக்ஹு விதியே. ஆகப் பங்கீட்டின் வடிவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

வேறுபாடு, இலாபம் பிறக்கும் இடத்தில் உள்ளது. வணிகத்தில் விற்றவர் விலை பெறுகிறார், வாங்கியவர் பொருள் பெறுகிறார். சீட்டு மேசையில் ஒருவர் பெறுவது முழுவதும் இன்னொருவர் இழந்ததே. இழந்தவர் ஈடாக எதையும் கொண்டு செல்வதில்லை. ஆட்டத்தை நடத்துவோர் தம் கழிவை எடுத்துக்கொள்ளும் இடங்களில், ஆடுவோர் அனைவரின் மொத்தப் பணமும் குறைந்துகொண்டே போகும். பொதுநிதி தம் கூட்டத்தாரின் இழப்பைப் பரவலாக்குகிறதேயன்றி, எதிரே அமர்ந்து தோற்றவரின் குடும்பத்துக்கு அதனால் ஒரு பயனுமில்லை.

"போக்கர் அதிர்ஷ்டமன்று, திறமை" என்பர். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டபோது, 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பகுதியை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்தது. அவற்றுக்கு வங்கிகள் பணப் பரிமாற்றம் செய்து தருவதையும் தடுத்தது. நம் ஃபுகஹாக்களின் அளவுகோலும் திறமையன்று. குதிரையோட்டமும் அம்பெறிதலும் திறமைகளே. மூன்றாமவர் பரிசளித்தால் அவை ஆகுமானவை. போட்டியிடும் இருவருமே பணயம் வைத்து, வென்றவர் அனைத்தையும் எடுத்துக்கொண்டால் கிமார் ஆகிவிடும் என்றே ஹனஃபி, ஷாஃபிஈ அறிஞர்கள் பலரும் வகுத்தனர்.

கூட்டாகச் சேர்ந்து ஆடுவதும் புதிதன்று. ஜாஹிலிய்யா அரபிகளின் மைஸிரே கூட்டு ஆட்டந்தான். ஒட்டகம் அறுக்கப்படும், பத்து அம்புகள் குலுக்கி எடுக்கப்படும். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு; மூன்று வெற்றம்புகள். தோற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைச் செலுத்துவர். வென்றவர்கள் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்கிப் பெருமை கொள்வர். இத்தகைய பயன் இருப்பதை ஒப்புக்கொண்ட அல்குர்ஆன் (2:219), அதன் பாவமே பெரிதென அறிவித்தது. பின்னர் 5:90–91 வசனங்களில் அதை விலக்கி, அது விளைக்கும் பகைமையையும் சுட்டியது. ஏழைக்கு உணவளித்த கூட்டே தூய்மையாகவில்லை எனில், ஐவர் தமக்குள் பங்கிடுவது எப்படித் தூய்மையாகும்? சீட்டைத் தொடாதவரின் பணமும் அதே மேசையில்தான் இருக்கிறது.

அந்த இளைஞரிடம் இதையே விளக்கினோம். சொந்த முதலை எடுத்துக்கொண்டு விலகுமாறும், வந்த ஆதாயத்தை இழந்தவர் அறியப்பட்டால் அவரிடமும், இல்லையேல் நன்மையை நாடாமல் ஏழைகளிடமும் சேர்க்குமாறும் கூறினோம். அவர்கள் ஒருவரையொருவர் நம்பிக் கணக்கு வைத்தது நல்ல பண்பே. அதே ஐவர் அதே நிதியால் ஒரு லேத் இயந்திரம் வாங்கிப் பட்டறை நடத்தினால், அது மெய்யான கூட்டு வணிகமாகும்.

வல்லாஹு அஃலம்.