பூட்டு புதிது, கணினி பழையது!

சென்ற மாதம் தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்துப் பக்கம் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள், "அண்ணி, நல்ல வேளை வந்தீங்க!" என்று கையைப் பிடித்துக் கொண்டாள்.

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். சான்றிதழ்களெல்லாம் மடிக்கணினிக்குள். 2011-ல் தொடங்கிய அரசாங்கத் திட்டத்தில் மூத்த பெண்ணுக்குக் கிடைத்த கணினி அது. வீட்டில் புது வைஃபை பெட்டி வைத்து இரண்டு நாள்தான் ஆகிறது. கைபேசிகள் சமர்த்தாக இணைந்துகொண்டன. கணினி மட்டும், கடவுச்சொல்லை எத்தனை தடவை தட்டினாலும், 'இணைக்க முடியவில்லை' என்று ஒரே பல்லவி!

"பூட்டையே எடுத்துடலாமே, அத்தை" என்றான் அடுத்த வீட்டுப் பையன். கூடவே கூடாது! பூட்டில்லாத வைஃபை, திறந்து போட்ட சமையலறை மாதிரி. எந்தப் பூனை நுழையும் என்று யார் கண்டது? பழைய 'வெப்' பூட்டும் உதவாது. அதை உடைக்கும் வழி 2001-லேயே அம்பலமாகிவிட்டது.

சங்கதி இதுதான். 2018-ல் 'டபிள்யூ.பி.ஏ.3' என்ற பூட்டு வந்தது. புதுப் பெட்டியில் அது மட்டுமே போட்டிருந்தது. பழைய கணினிக்குத் தெரிந்ததோ 2004-ல் வந்த 'டபிள்யூ.பி.ஏ.2'. கைபேசி வழியாகப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து (அதன் முகவரி பெரும்பாலும் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும்), இரண்டையும் ஏற்கும் கலப்பு முறைக்கு மாற்றினோம்.

அப்படியும் அசையவில்லை! கணினி பழைய விவரத்தையே பிடித்துக் கொண்டிருந்தது. அந்த இணைப்பை 'மறந்துவிடு' என்று கட்டளையிட்டு, கடவுச்சொல்லைப் புதிதாக அடித்த பிறகே வழிக்கு வந்தது.

உங்கள் வீட்டில் வைஃபையின் பெயரே கணினியில் தென்படாவிட்டால் காரணம் வேறாக இருக்கலாம். பல பழைய கணினிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைதான் எட்டும், 5 எட்டாது. பெட்டியில் 2.4-ஐயும் திறந்து வையுங்கள்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பதினொன்றரை. அதற்கப்புறம்தான் நாத்தனாருக்கு எனக்குக் காப்பி கொடுக்கவில்லை என்பதே ஞாபகம் வந்தது!